தூது போனவர் சொல்லும் கதை

ஓய்வு பெற்ற ஸ்தானாதிபதிகள் புஸ்தகம் எழுதுவது நம் நாட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. முப்பது நாற்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு உத்தியோகம் பார்த்தவர்களுக்குப் பென்ஷன் வந்ததும் பேச வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் அவற்றில் பலவற்றை இருபது பக்கங்களுக்கு மேல் படிக்க முடிவதில்லை. யார் வீட்டு விருந்தில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எந்தப் பிரதம மந்திரி இவர் தோளைத் தட்டிக் கொடுத்தார், எந்த மகாநாட்டுத் தீர்மானத்தில் இவர் எழுதிக் கொடுத்த வாக்கியம் இடம் பெற்றது என்பவைதாம் அதிகம்.

இருந்தாலும் நான் இவற்றைத் தேடிப் படிக்கிறேன். காரணம் என் தொழில் சம்பந்தமானது. தன்மையில் ஒரு நாவல் எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள சிரமம் தெரியும். கதை சொல்கிற 'நான்' எதையெல்லாம் அறிந்திருக்க முடியும், எதைச் சொல்லாமல் விடுவான், தன்னை எங்கே கொஞ்சம் உயர்த்திக்கொள்வான் என்பதையெல்லாம் ஆசிரியன் முன்கூட்டியே கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும். ஸ்தானாதிபதியின் சுயசரிதத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. அவர் 'நான்' என்று சொல்லும்போது பேசுவது அவரா, அவரை அனுப்பிய சர்க்காரா என்பது பல சமயங்களில் அவருக்கே தெரியாது. அண்டை நாடுகள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற காலத்தில் தூது போனவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட புஸ்தகங்களில் நான் இரண்டு தடவை முழுக்கப் படித்தது, ஜே. என். தீட்சித் இங்கிலீஷில் எழுதி 1998-ல் வெளிவந்த 'அஸைன்மென்ட் கொழும்பு'. 1985 முதல் 1989 வரையில் கொழும்பில் இந்திய ஹை கமிஷனராக இருந்தவர் தீட்சித். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஸ்தானாதிபதிக்கு அதுதான் பெயர். 1936-ல் சென்னையில் பிறந்தவர். மலையாள எழுத்தாளர் முன்ஷி பரமு பிள்ளையின் புத்திரர். தீட்சித் என்பது வளர்ப்புத் தந்தையின் பெயர். 1958-ல் வெளிநாட்டு இலாகாவில் சேர்ந்தார். பங்களாதேஷ் பிறந்த புதிதில் டாக்காவில் இருந்தார். ஆப்கானிஸ்தானத்தில் ரஷ்யப் படைகள் இருந்தபோது காபூலில் ஸ்தானாதிபதி. அதன் பிறகு கொழும்பு, அப்புறம் இஸ்லாமாபாத். 1991 டிசம்பரில் வெளிநாட்டு இலாகாவின் தலைமைச் செயலாளரானார். 2004-ல் தேசப் பாதுகாப்பு ஆலோசகர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 2005 ஜனவரியில் காலமானார். அக்கம்பக்கத்தில் எங்கெங்கே தீப்பிடித்ததோ அங்கெல்லாம் வாளியோடு அனுப்பப்பட்டவர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். வாளியில் இருந்தது தண்ணீரா, எண்ணெயா என்பதில்தான் அபிப்பிராய பேதம்.

அவர் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த சமயத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். 1983 ஜூலையில் தமிழர்களைக் கொன்று வீடுகளைக் கொளுத்திய கலவரம் நடந்தது. இந்திரா காந்தி முதலில் தூது அனுப்பியது ஜி. பார்த்தசாரதியை. நம் சென்னைக்காரர்; கோபாலஸ்வாமி அய்யங்காரின் புதல்வர்; கிரிக்கெட் ஆடியவர்; பத்திரிகைக்காரராக இருந்தவர். சீனாவுடன் நமக்கு உறவு கெட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் பீகிங்கிலும், அதன் பின் 1965 யுத்தம் வரும் வரையில் பாகிஸ்தானிலும் ஸ்தானாதிபதியாக இருந்தவர். அவர் ஜெயவர்த்தனாவுடன் பேசி, மாகாணங்களுக்கு அதிகாரம் கொடுப்பதற்கு ஒரு திட்டம் தயாரித்தார். அது நிறைவேறவில்லை. அவர் தமிழர் என்பதையே கொழும்பில் ஒரு குறையாகப் பேசினவர்கள் உண்டு. இத்தனையும் பார்த்த பார்த்தசாரதி சுயசரிதம் என்று ஒன்று எழுதி வைக்கவில்லை. அந்த மௌனத்தில் ஒரு கண்ணியம் இருக்கிறது. நஷ்டம் வாசகனுக்கு.

1985-ல் திம்புவில் பேச்சு நடந்து முறிந்தது. 1987 மே கடைசியில் இலங்கைப் படை வடமராட்சிக்குள் புகுந்தது. ஜூன் 3-ஆம் தேதி, உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு இந்தியாவிலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் திருப்பி அனுப்பியது. மறுநாள் டில்லியில் இலங்கையின் ஹை கமிஷனரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து மூட்டைகளைப் போட்டன. அடுத்த மாதம் 29-ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மரியாதை அணிவகுப்பில் நின்ற ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் நம் பிரதம மந்திரியை அடித்தான். மூன்று மாதங்களுக்குள், எந்தத் தமிழர்களைக் காப்பாற்றுவதற்காகப் போனோமோ அவர்களுடைய தெருக்களில் நம் ராணுவம் புலிகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 1990 மார்ச்சில் அது திரும்பி வந்தபோது ஆயிரத்து நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. இவ்வளவையும் உள்ளிருந்து பார்த்த ஒருவர் எழுதிய புஸ்தகம் இது.

இந்த வகைப் புஸ்தகங்களில் ஒரு தந்திரம் சகஜம். காரியம் ஜெயித்தால் 'நான்' என்று வரும். தோற்றால் 'டில்லி' என்று வரும். தீட்சித்துக்கு அந்தச் சபலம் பெரும்பாலும் இல்லை. புஸ்தகத்தின் முதல் பெருமை அது. ஒப்பந்தத்துக்கு முன் டில்லியில் நடந்த ஆலோசனைகளை அவர் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புலிகள் ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்தால் என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. உளவு இலாகாவின் தலைவர், அவர்கள் நமக்குத் தெரிந்த பையன்கள்தான், நம் பேச்சைக் கேட்பார்கள் என்கிறார். ராணுவத் தளபதி, அப்படியே எதிர்த்தாலும் சில வாரங்களில் சரி செய்துவிடலாம் என்கிறார். தீட்சித் இதைக் குரலை உயர்த்தாமல், மீட்டிங் குறிப்பு எழுதுகிற பாணியில் எழுதிக்கொண்டு போகிறார். படிக்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. பின்னால் நடந்தது நமக்குத் தெரியும். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது. நாடகத்தில் இதைச் செய்துகாட்ட நாங்கள் எவ்வளவோ பாடுபடுகிறோம். இவருக்கு அது தானாக அமைந்துவிட்டது. பிரபாகரனுடைய பிடிவாதத்தை எடை போட்டதில் எல்லோரும் தவறினார்கள் என்று சொல்லும்போது தம்மையும் அந்த எல்லோரில் சேர்த்துக்கொள்கிறார். இன்னொரு புஸ்தகத்தில், இலங்கைத் தமிழ்ப் போராளிகளுக்கு ஆதரவு கொடுத்தது இந்திரா காந்தியின் வெளிநாட்டுக் கொள்கையில் குறை காணத்தக்க இரண்டு முடிவுகளில் ஒன்று என்றும் எழுதியிருக்கிறார். அவர் வளர்ந்த இலாகாவில் இப்படி எழுதுவது சுலபம் அல்ல.

ஆனாலும் சாட்சி ஒருவர்தான் என்பதை வாசகர் மறக்கக் கூடாது. இலங்கையில் நம் படையின் முதல் தளபதிகளில் ஒருவரான ஹர்கிரத் சிங் பிற்பாடு ஒரு புஸ்தகம் எழுதினார். 1987 செப்டம்பரில், பேச்சு வார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய் அல்லது சுட்டுவிடு என்று தீட்சித் ஓர் இரவு தமக்கு டெலிபோனில் உத்தரவு சொன்னதாகவும், பேச அழைத்தவனைச் சுடுவது ராணுவ தர்மம் அல்ல என்று தாம் மறுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் புஸ்தகம் வெளிவந்தபோது தீட்சித் உயிரோடு இல்லை. பதில் சொல்ல முடியவில்லை. நான் இதில் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே இரவைப் பற்றி ஒருவர் சொன்னது பாதிக் கதைதான் என்பதற்காகச் சொல்கிறேன். தன்மையில் சொல்லப்படும் நாவலில் மற்றப் பாத்திரங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு என்று வாசகரை உணரவைப்பது ஆசிரியனின் கடமை. சுயசரிதத்தில் அந்தக் கடமை வாசகர் தலையில் விழுகிறது.

தூது என்பது நமக்குப் புதிய விஷயம் அல்ல. திருக்குறளில் அதற்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் முதல் இரண்டு குறள்களிலும் தூதனுக்கு வேண்டிய குணங்களைச் சொல்ல வந்த வள்ளுவர், சாமர்த்தியத்தையும் சொல்வன்மையையும் பின்னால் தள்ளிவிட்டு அன்பை முதலில் வைக்கிறார். எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருகிற வரிசை இது. பரிமேலழகர் அந்த அன்பைச் சுற்றத்தாரிடத்தும் தன் அரசனிடத்தும் உள்ள அன்பு என்று கட்டி வைத்துவிட்டார். உரைகாரருக்கு ராஜாங்க நியாயம் தெரியும். ஆனால் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையை நினைத்துப் பாருங்கள். எதிரியின் ஆயுதசாலையைச் சுற்றிப் பார்த்து, உன் வேல்களெல்லாம் மாலை சூடிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னாளே, அதில் தன் அரசன்மேல் பெருமை இருக்கிறது. எதிரே நிற்கிறவனும் வீணாகச் சாக வேண்டாமே என்ற எண்ணமும் இருக்கிறது. அந்த இரண்டாவது எண்ணத்தையும் அன்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

இந்த அளவுகோலோடு வேறொரு புஸ்தகத்தைப் பார்க்கலாம். நாடு பிரிந்ததும் பாகிஸ்தானுக்கு முதல் இந்திய ஹை கமிஷனராகக் கராச்சிக்குப் போனவர் ஸ்ரீபிரகாசா. 1952 முதல் 1956 வரை நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர். தம் கராச்சி அனுபவங்களை அவரும் எழுதியிருக்கிறார். தீட்சித்தின் கூர்மை அவரிடம் இல்லை. ராஜதந்திரத்தைக் கற்றுக்கொள்ள நினைப்பவன் அவரைப் படித்து ஏமாந்துபோவான். ஆனால் அதில் ஓர் இடம் இருக்கிறது. பம்பாய் மலபார் ஹில்லில் ஜின்னாவின் வீட்டை நம் சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. யாருக்கு, என்ன வாடகைக்கு விடலாம் என்று அவரைக் கேட்டுவரும்படி நேரு எழுதுகிறார். ஸ்ரீபிரகாசா போய்க் கேட்கிறார். ஒரு தனி தேசத்தையே வாதாடி வாங்கின மனுஷர் கலங்கிப்போகிறார். செங்கல் செங்கல்லாகப் பார்த்துக் கட்டின வீடு, பம்பாயின்மேல் எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா, ஒரு நாள் அங்கே திரும்பி வரவேண்டும் என்கிற தினுசில் பேசுகிறார். 1948 செப்டம்பரில் ஜின்னா இறந்துபோனார், திரும்பவில்லை.

பாகிஸ்தான் பிரிவினையைப் பற்றி எத்தனையோ சரித்திரப் புஸ்தகங்கள் சொல்ல முடியாத ஒன்றை அந்த இரண்டு பக்கங்கள் சொல்லிவிடுகின்றன. அதைப் பார்க்க ஸ்ரீபிரகாசாவுக்கு வாய்த்ததற்குக் காரணம் அவருடைய அறிவு அல்ல. எதிரில் உட்கார்ந்திருப்பது ஒரு கிழவர், அவருக்கு ஒரு வீடு இருந்தது என்று அவருக்குப் பட்டது. தூதனாகப் போன இடத்தில் அவர் கொஞ்ச நேரம் விருந்தாளியாகவும் இருந்திருக்கிறார்.

தீட்சித்தின் புஸ்தகத்தில் நான் தேடிக் கிடைக்காமல் போனது இந்த இரண்டு பக்கங்களைத்தான். அவர் வரைந்திருக்கிற ஜெயவர்த்தனா நல்ல பாத்திரம். நிதானமாகக் காய் நகர்த்துகிற கிழ நரி. பிரபாகரனும் இருக்கிறார். மந்திரிகள், தளபதிகள், செயலாளர்கள் எல்லோரும் வருகிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வாய்ப்பில்லாத ஜனங்கள் மட்டும் மனுஷர்களாக வருவதில்லை. எண்ணிக்கையாக, பிரச்னையாக வருகிறார்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1987 செப்டம்பர் 15-ஆம் தேதி, யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோவில் வீதியில் திலீபன் என்ற இளைஞன் இந்தியாவிடம் ஐந்து கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் உட்கார்ந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் தீட்சித் பலாலிக்கு வந்து புலிகளின் தலைவர்களோடு பேசினார். பலாலியிலிருந்து நல்லூர் சுமார் பத்து மைல். வந்து அவனைப் பாருங்கள் என்று கேட்டார்கள். அவர் போகவில்லை. 26-ஆம் தேதி திலீபன் இறந்தான். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இந்தியாவின் பெயர் பழைய பெயராக இல்லை.

போகாததற்கு அரசியல் நியாயம் உண்டு. பெரிய தேசத்தின் பிரதிநிதி ஒருவர், கட்சி மேடை ஒன்றின் முன் போய் நிற்பது நிர்ப்பந்தத்துக்கு உட்படுவதாகும். இன்று ஒருவனுக்காகப் போனால் நாளைக்குப் பத்துப் பேர் உட்காருவார்கள். கூட்டத்தில் அவமானமும் நேரலாம். தீட்சித்தின் இடத்தில் இருந்த எந்த உத்தியோகஸ்தரும் இப்படித்தான் யோசித்திருப்பார். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. ராத்திரி கொழும்புக்குத் திரும்பி, மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது அவர் என்ன நினைத்தார்? இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவன் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடக்கிற இடத்துக்குப் பத்து மைல் தள்ளி உட்கார்ந்து ஷரத்துக்களைப் பேசிவிட்டு வந்த மனுஷருக்குத் தூக்கம் வந்ததா? நாவலாசிரியன் அங்கேதான் கதையை ஆரம்பிப்பான். இந்தப் புஸ்தகம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

தாண்டிப்போன இடங்களை நிரப்ப வேறு ஒரு புஸ்தகம் இருக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் நான்கு பேர், ரஜனி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன் ஆகியோர், அதே வருஷங்களை ஊருக்குள்ளிருந்து எழுதினார்கள். தமிழில் 'முறிந்த பனை' என்று வந்திருக்கிறது. 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் சுட்டுக் கொன்றதை அதில் படிக்க வேண்டும். புலிகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ரஜனி 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தீட்சித்துக்குத் தெரிந்த பல விஷயங்கள் அந்த நான்கு பேருக்குத் தெரியாது. டில்லியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை அறிய அவர்களுக்கு வழி இல்லை. முடிவுகள் போய் விழுந்த இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு புஸ்தகங்களையும் அடுத்தடுத்துப் படிப்பதுதான் முறை. ஒன்று மாடியில் நடந்தது, மற்றது அதே வீட்டின் முற்றத்தில் நடந்தது.

எங்கள் லால்குடியில் மாதம் ஒரு முறை கூடிப் புஸ்தகங்களைப் பற்றிப் பேசுகிற நண்பர்கள் சிலர் உண்டு. தீட்சித்தின் புஸ்தகத்தை எடுத்துக்கொண்ட அன்றைக்குப் பேச்சு சூடாகிவிட்டது. "அந்த மனுஷன்தானே ஸார் எல்லாத்துக்கும் காரணம்?" என்றார் ஒருவர். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதே தீட்சித்தைத்தான் கொழும்புப் பத்திரிகைகள் 'வைஸ்ராய்' என்று திட்டின. தமிழர்களுக்காக இலங்கையை மிரட்டுகிறவர் என்று அங்கே கோபம். தமிழர்களைக் காட்டிக் கொடுத்தவர் என்று இங்கே கோபம். இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து ஒரே ஆளை வில்லனாக்கியிருக்கிறார்கள்.

வில்லன் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், ஆயுதம் கொடுத்தவர்கள், அதே ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்னவர்கள், வைக்காதவர்கள், மேடையில் கை தட்டின நாம் எல்லோரும் பெஞ்சில் பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். படையெடுத்து வந்த ஒரு துருக்கத் தளபதி சப்தரிஷீசுவரர் கோவில் கோபுரம் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்து, தன் பாஷையில் 'லால் குடி' என்று கேட்டானாம், திருத்தவத்துறை லால்குடியாகிவிட்டது. வாஸ்தவமோ பொய்யோ, தூரத்திலிருந்து பார்த்தவன் வைத்த பெயர் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு நல்ல கதை. தீட்சித்துக்கு ஒட்டிய பெயர்களும் அந்த ரகம். கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அவர் புஸ்தகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

காவேரிக் கரையில் நெல்லும் வாழையுமாக இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கே இன்னொருவர் கேட்டார். லால்குடி ஸ்டேஷன் வழியாகத்தான் ராமேசுவரத்து ரயில் போகிறது. திருச்சி கொட்டப்பட்டில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இன்னமும் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் குழந்தைகள் பிறந்துவிட்டன. கொழும்பில் ஒரு மேஜையில் எழுதின வாக்கியம் கொட்டப்பட்டில் ஒரு குடும்பத்துக்கு விலாசமாகிவிடுகிறது. ஒப்பந்தத்தின்படி இணைந்த வடக்கும் கிழக்கும் 2006-ல் இலங்கை சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பால் சேர்ந்திருக்க முடியாமற்போயின. ஒப்பந்தத்தை ஒட்டிச் செய்த 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மட்டும், முழுக்க அமலாகாமலே, இன்னும் பேச்சில் இருக்கிறது. தீட்சித் முடித்து வைத்ததாக நினைத்த அத்தியாயம் முடியவில்லை.

ஆகவே இந்தப் புஸ்தகத்தை நான் சிபாரிசு செய்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தம் எஜமானர்களின் தவறுகளை எழுதத் துணிந்தவர் என்ற மரியாதையோடு படியுங்கள். எஜமானர்கள் இல்லாத அறைகளில் நடந்தவை அவர் கண்ணில் படவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் கேட்ட மற்ற குணங்களெல்லாம் தீட்சித்திடம் தாராளமாக இருந்தன. அறிவு இருந்தது, அஞ்சாமை இருந்தது, சொல்வன்மை நிறையவே இருந்தது. அவர் முதலில் வைத்ததை மட்டும் பரிமேலழகர் போட்ட எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டுவிட்டார். தம் அரசனிடம் அன்புள்ள தூதர் அவர். நல்ல தூதருக்கு அது போதும் என்று சொல்லிவிடலாம். நல்ல புஸ்தகத்துக்குப் போதவில்லை.